பல்ப் திடீரென முளைத்த குழு அல்ல
பிளர், ஓயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுக்களின் வெற்றியைப் பார்த்து 1994 வாக்கில் கிளம்பிய இன்னொரு ராக் குழுதான் பல்ப் என்று சொல்வது தவறு. பல்ப் தொடங்கியது 1978இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். அதன் பாடகர் ஜார்விஸ் காக்கர் அப்போது பள்ளி மாணவர். பிளர் 1988இலும் ஓயாசிஸ் 1991இலும்தான் உருவாயின.

1981இல் பிபிசியில் ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்குப் பாடினார்கள், 1983இல் முதல் ஆல்பம். அப்புறம் பத்து வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985இல் ஜன்னலிலிருந்து விழுந்து அடிபட்ட காக்கர், கொஞ்ச காலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேடையில் பாடினார். அந்த வருடங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பெரிய அநியாயம்.

1995 கிளாஸ்டன்பரி இசை விழாவில் முதன்மைக் குழு என்ற இடம்கூட, ஸ்டோன் ரோஸஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கொயருக்குக் காறை எலும்பு முறிந்து அந்தக் குழு விலகியதால் பல்ப்புக்குக் கிடைத்ததுதான்.