அந்தக் கடிதம் வந்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் வேலை போய், சில மாதங்கள் வேலையின்மை உதவித்தொகை வாங்கி, மறுபடி வேலையில் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து எனக்கு மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எட்டு வாரத் தொகையை அதிகமாகக் கொடுத்துவிட்டார்களாம், திருப்பிக் கட்ட வேண்டுமாம். படிக்கும்போதே கை நடுங்கியது. நாம்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக் கார்டைக்கூட எடுத்துவிட்டேன். அக்காதான் தடுத்தாள். "எந்தெந்த வாரத்துக்குன்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருடா."

இரண்டாம் பக்கத்தில் வாரங்கள் வரிசையாக இருந்தன. எட்டுமே நான் புது வேலையில் சேர்வதற்கு முந்தைய வாரங்கள். அந்தக் காலாண்டில் கடைசி ஐந்து வாரம்தான் எனக்குச் சம்பளம். ஆனால் நிறுவனங்கள் மாநிலத்துக்குக் காலாண்டுச் சம்பளத்தை மொத்தமாகத்தான் காட்டுகின்றன. அந்த மொத்தத்தை 13 வாரத்துக்கும் சமமாகப் பிரித்து, வாராவாரம் சம்பாதித்துவிட்டு மறைத்தேன் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. மிச்சிகனில் 2013 முதல் 2015 வரை மைடாஸ் என்ற கணினி அமைப்பு இப்படித்தான் பிரித்துப் பார்த்து, பல்லாயிரம் பேரை மோசடிக்காரர்கள் ஆக்கியது. கேட்ட தொகைக்கு மேல் நான்கு மடங்கு அபராதம், 12% வட்டி. கணினி தானாகவே முடிவெடுத்த 22,000க்கும் மேற்பட்ட வழக்குகளைப் பிறகு மறுபடி பார்த்தபோது, 93% தவறு என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில், கொடுத்த உதவித்தொகையைத் திரும்ப வசூலிக்க அரசு கொண்டுவந்த ரோபோடெட் திட்டம் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்குகளாகச் சமமாகப் பிரித்துக் கடன் எழுதியது. அந்த முறையில் போட்ட கடன் செல்லாது என்று 2019இல் அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

சராசரி என்பது சாட்சி ஆகாது. எந்த வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தேன் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் ஒரு தொகையை எழுதி அனுப்பி, வேலை போய் அப்போதுதான் நிமிர்ந்தவரை பயமுறுத்துவது அநியாயம்.

அதற்காகக் கடிதத்தை டிராயரில் போட்டு மூடிவிடாதீர்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கும். கலிபோர்னியாவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், டெக்சாஸில் 14 நாள்தான். பொதுவாக, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அவர்கள் அனுப்பிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதனால் உறையையும் பத்திரமாக வையுங்கள். என் மேல்முறையீட்டில் நான்கு வரிதான் எழுதினேன்: இந்த வாரங்களில் வேலை இல்லை, சேர்ந்த தேதி இது, வேலை ஆணையும் சம்பளச் சீட்டுகளும் இணைப்பில். விசாரணை போனிலேயே நடந்தது. நீதிபதி கேட்டது சேர்ந்த தேதி ஒன்றைத்தான். கடன் ரத்தானது.

சில சமயம் தவறு நம் பக்கமும் இருக்கும். உதவித்தொகை கேட்கும் படிவத்தில், கைக்கு வந்த சம்பளத்தை எழுதியிருப்போம். அவர்கள் கேட்பது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை, அதுவும் பெரும்பாலும் பணம் வந்த வாரத்துக்கு இல்லை, உழைத்த வாரத்துக்கு. அப்படி ஆகியிருந்தாலும் வழி உண்டு. வேண்டுமென்றே செய்யவில்லை, திருப்பிக் கட்டினால் குடும்பம் தாங்காது என்று காட்டினால் பல மாநிலங்களில் தள்ளுபடி கேட்கலாம். 'மோசடி' என்ற சொல் கடிதத்தில் இருந்தால் மட்டும் தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தது 15% அபராதம் சேரும், பின்னாளில் உதவித்தொகை கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

உதவித்தொகையே வாங்காதவருக்கு இப்படிக் கடிதம் வந்தால், யாரோ உங்கள் பெயரில் வாங்கியிருக்கலாம். அது மேல்முறையீட்டோடு முடியாது. அடையாளத் திருட்டு என்று அன்றே புகார் கொடுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், மாநில அலுவலகத்தின் சொந்த இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்து அழையுங்கள்.

இப்போது கையில் அப்படி ஒரு கடிதம் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். தொகையைச் சொல்ல வேண்டாம், எந்த வாரங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சேர்ந்து பார்ப்போம்.