பிள்ளைகள் ஏற்கெனவே பிரிந்துதான் வருகிறார்கள்
காசாப் போரை வகுப்பில் தொட்டால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. அவர்கள் ஃபோனைப் பார்த்து ஏற்கெனவே பிரிந்துதான் வருகிறார்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். 2024 ஒக்டோபரில், இஸ்ரேலியப் பயணிகள் அதிகம் வரும் எங்கள் பக்கத்துக் கடற்கரையான அறுகம்பைக்குப் போக வேண்டாமென்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததே, அப்போது ஒருவனின் அண்ணன் அங்கே சர்ஃபிங் பழக்கிக்கொண்டிருந்தார். இன்னொருத்தியின் மாமி இஸ்ரேலில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில். இதில் வெளிநாட்டுப் போர் எங்கே இருக்கிறது? கரும்பலகையில் 1917, 1948, 1967, 2023 என்று ஆண்டுகளை மட்டும் எழுதி, மிச்சத்தை அவர்களையே நிரப்பச் சொன்னேன். 1948க்கு ஒருவன் 'இஸ்ரேல் உருவானது' என்று எழுத, அடுத்தவள் சோக்கைப் பிடுங்கி 'நக்பா, 7 லட்சம் பேர் அகதி' என்று எழுதினாள்; பாலஸ்தீனர்கள் தங்கள் மண்ணை இழந்ததைத்தான் நக்பா, அதாவது பேரழிவு என்பார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், எங்கட சுதந்திரமும் அதே வருசம்தானே!" சிரிப்பு அடங்கத்தான் நேரம் பிடித்தது, சண்டை வரவில்லை. 2023இல்தான் கை தயங்கியது. ஒக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் இறந்தவர்களையும் அதற்குப் பிறகு காசாவில் இறந்தவர்களையும் ஒரே வரியிலா எழுதுவது என்று கேட்டார்கள். இரண்டு வரி எடுங்கள் என்றேன். அப்புறம், இது பாடத்திட்டத்தில் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: முதலாம் உலகப் போர் இருக்கிறதல்லவா, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக பிரிட்டன் 1917இல் அறிவித்த பல்போர் பிரகடனம் அந்தப் போரின் நடுவில் வந்ததுதான்.