நூலே இல்லாத தையலுக்கு 20 லட்சம்

கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். முன் இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் குறுக்காக ஓடும் சிவப்புத் தையலை விரல் நகத்தால் நெருடிப் பார்த்தேன்; நூல் நகத்தில் சிக்கவே இல்லை. ஏனென்றால் அங்கே நூலே இல்லை. பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போதே தையலைப் போன்ற மேடுபள்ளங்களை உண்டாக்கி, அவற்றின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசியிருக்கிறார்கள். க்ளவ் பாக்ஸுக்கு மேலே, வளைவு திரும்பும் இடத்தில், அச்சின் இரு பாதிகளும் சந்தித்த மெல்லிய கோடு ஒன்று அந்தத் தையலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அன்று ஏறிய எரிச்சல் ஒன்றரை ஆண்டாகியும் இறங்கவில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சாமானியனும் எட்டிப் பிடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் செடான் என்று விளம்பரப்படுத்தப்படும் வகையைச் சேர்ந்தது. எஞ்சினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2024இல் வாங்கியபோது ஷோரூம் விலை 16 லட்சம். நான்கு மீட்டரைத் தாண்டிய நீளமும் 1500 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் செஸ் என்ற 17 சதவீதக் கூடுதல் வரியும் இருந்ததால், அந்த 16 லட்சத்துக்குள்ளேயே ஏறத்தாழ 5 லட்சம் வரிதான். அதற்கு மேல் தமிழ்நாட்டின் 18 சதவீத சாலை வரி. காப்பீடு, பதிவு என்று எல்லாம் சேர்ந்து 20 லட்சத்தைத் தொட்டபோது, ஏறக்குறைய 8 லட்சம் அரசுக்குப் போயிருந்தது. ஆகவே மிஞ்சிய பணத்தில் எஞ்சினும் கட்டுறுதியும் ஏர்பேகும் கொடுக்க வேண்டிய நிறுவனம் உள்ளலங்காரத்தில் எங்கேயோ கை வைக்கத்தான் செய்யும் என்பது எனக்கும் புரிகிறது. எங்கே கை வைத்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஷோரூமுக்கு வரும் நம் மக்கள் உள்ளே அமர்ந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கட்டை விரலால் டேஷ்போர்டின் மேற்பரப்பை அழுத்துவார்கள். அமுங்கினால் "பிரீமியம்", அமுங்காவிட்டால் "மட்டமான பிளாஸ்டிக்". விமர்சனக் காணொளிகள் போடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய் மோதிர விரலால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள், சந்தையில் தேங்காய் வாங்குவதைப் போல. அந்த மேற்பரப்பை ஓட்டுநர் தன் வாழ்நாளில் எத்தனை முறை தொடப்போகிறார்? துடைக்கும்போது தொடுவார், அவ்வளவுதான். இந்தக் கட்டைவிரல் சோதனையை நிறுவனங்களும் நன்றாகப் படித்துவைத்திருக்கின்றன. கட்டை விரல் போகும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மெத்தென்ற பொருளை ஒட்டிவிட்டு, முழங்கை போகும் இடத்தில் வெறும் பிளாஸ்டிக்கை விட்டுவிடுகிறார்கள்.

மென்மை என்றாலே தரம் என்ற எண்ணம் 1990களின் பிற்பகுதியில் வலுப்பட்டது. ஃபெர்டினாண்ட் பியெஹ் தலைமையில் இருந்த ஜெர்மன் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன், 1996இல் வந்த ஐந்தாம் தலைமுறை பஸாட்டிலும் 1997இல் வந்த நான்காம் தலைமுறை கோல்ஃபிலும் உள்ளறையின் தரத்தை அந்த விலைக்கு யாரும் எதிர்பாராத உயரத்துக்குக் கொண்டுபோனது. மேலே பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை விட்டால்கூட 'படார்' என்று அடிக்காமல் மெதுவாகப் போய் மடங்கிக்கொள்ளும். அதே காலத்தில் அதே குழுமத்தின் கார்களில் சுவிட்சுகளின்மேல் பூசப்பட்ட மென்தொடு பூச்சு, பத்தாண்டு கழித்துப் பிசுபிசுத்து உரிந்துபோனதையும் பழைய கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். எனவே கடினமான பிளாஸ்டிக் எனக்குப் பகையில்லை. ஒழுங்கான சொரசொரப்போடு, ஒளியைத் திருப்பியடிக்காத மங்கல் நிறத்தில், இடைவெளி சீராகப் பொருத்தப்பட்ட கடினப் பிளாஸ்டிக் முப்பது ஆண்டு உழைக்கும். என் கோபமெல்லாம் பிளாஸ்டிக் தோல் வேஷம் கட்டுவதன்மேல்தான்.

வேஷத்துக்குப் பஞ்சமே இல்லை. கதவில் கார்பன் ஃபைபர் நெசவுபோல அச்சிட்ட படலம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அசல் கார்பன் ஃபைபர் பந்தயக் கார்களின் எடையைக் குறைக்க வந்தது. இந்தப் படலமோ என் வண்டியின் எடையைச் சில கிராம் கூட்டியிருக்கிறது. ஸ்டியரிங்கின் அடிப்பாகம் தட்டையாக இருக்கிறது. ஒடுங்கிய பந்தயக் காருக்குள் தொடை இடிக்காமல் நுழைவதற்காக ஏற்பட்ட வடிவம் அது. ஐந்து பேர் உட்காரும் குடும்பக் காரில், கோவை காந்திபுரம் நெரிசலில் யூ டர்ன் அடிக்கும்போது வட்டமாக இருக்க வேண்டிய இடத்தைக் கை தேடித் தடுமாறுகிறது. பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் "ஸ்போர்ட்ஸ் சீட்" என்றார்கள். அணைப்பு இருக்கிறது, தொடைக்கடியில் நீளம் போதவில்லை. சேலம் போய்ச் சேர்வதற்குள் முழங்காலுக்கு மேலே மரத்துப்போகிறது.

இனி அந்தப் பியானோ பிளாக். கியர் லிவரைச் சுற்றி, கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புப் பட்டை. ஷோரூம் விளக்கின் கீழே அது பளபளத்தபோது என் மனைவிகூட "நல்லா இருக்குங்க" என்றாள். கைரேகை நிபுணர்களைத் தவிர வேறு யாருக்கு அது பயன்படும் என்று இப்போது கேட்கிறாள். காலையில் துடைத்தால் மாலைக்குள் தூசி படிகிறது. தூசியோடு துடைத்தால் சிலந்தி வலைபோல் கீறல் விழுகிறது. துடைக்காமல் விட்டால் நண்பகல் வெயில் அதில் பட்டு நேராகக் கண்ணில் குத்துகிறது. மனிதக் கை மிக அதிகமாக உராயும் இடத்துக்கு, மிக எளிதாகக் கீறல் விழும் பொருளைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டில் சமையல் மேடைக்கு என்ன போட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதன் மேலேதான் ஏசிக்கான தொடு பலகை. முன்பு வைத்திருந்த பழைய காரில் மூன்று திருகிகள் இருந்தன. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. இப்போது மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைக்க, எங்கே தொடுகிறோம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டு மோட்டார் இதழ் ஒன்று 2022இல் இதைச் சோதித்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, வழக்கமான நான்கு வேலைகளைச் செய்து முடிக்கப் பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70இல் 10 விநாடி போதுமானதாக இருந்தது. தொடுதிரைகளை நம்பிய புதிய கார்களில் மிக மோசமானதில் அதே வேலைக்கு 44.6 விநாடி ஆனது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது லிவர் இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவில் ஏசியை எத்தனை நாள்தான் போடுகிறார்கள், பாவம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பைத்தியமாக்கியது சத்தம். ஏப்ரல் மாதத்தில் ஒரு பிற்பகல், இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து அவிநாசி சாலையில் திரும்பியதும், வலது பக்கத் தூணும் டேஷ்போர்டும் சந்திக்கும் மூலையிலிருந்து 'கிர்க்... கிர்க்' என்று ஆரம்பித்தது. விரலால் அந்த இடத்தை அழுத்தினால் நிற்கும். எடுத்தால் மறுபடி தொடங்கும். சிக்னலில் அதை அழுத்திப் பிடித்தபடி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போன நாள்கள் உண்டு. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "சார், அதெல்லாம் செட் ஆயிருமுங்க, இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டுங்க" என்றார் அந்த இளைஞர். எஞ்சின்தான் ஓட ஓடச் செட் ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் எதனோடு செட் ஆகும்? இரண்டாயிரம் ஓடியது, நாலாயிரமும் ஓடியது. மறுபடி போனபோது இடுக்கில் ஒரு துண்டுக் கம்பளித் துணியைத் திணித்து அனுப்பினார்கள். மூன்று வாரம் அமைதி. நான்காவது வாரம் சத்தம் இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களை 2018இல் அரிசோனாவில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸும் ஸ்டியரிங் 53 டிகிரியும் சூடாவதைக் கண்டார்கள். டேஷ்போர்டு வார்க்கப்படும் பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். காரின் அகலத்துக்கு ஓடும் ஒரு துண்டு, இரவுக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் குறுக்குச் சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. அந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டு, உரசும் விளிம்புகளில் ஃபெல்ட் என்ற கம்பளிபோன்ற துணிப் பட்டையைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி, கிளிப்புகளை ஒழுங்காக வைத்தால் சத்தம் வராது. எட்டு லட்ச ரூபாய்க் காரும் இப்படிச் செய்யப்பட்டுச் சத்தமின்றி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபெல்ட் பட்டை யார் கண்ணுக்கும் தெரியாதே. கட்டை விரலும் அங்கே போகாது. அதற்குச் செலவழிக்க வேண்டிய காசுதான் சிவப்புச் சாயமாகப் பயணியின் எதிரே மின்னிக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடிப்பதன் உச்சம் பின் இருக்கை. முன் கதவில் ஒரு கையகலமாவது மெத்தென்ற துணி இருக்கிறது. பின் கதவில் அதே வடிவம், அதே நிறம், ஆனால் தலை முதல் கால் வரை கட்டைப் பிளாஸ்டிக். போன தை மாதம் வால்பாறையிலிருந்து இருட்டிய பிறகு இறங்கிக்கொண்டிருந்தோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி முடிந்திருக்கும். நான் எஞ்சினை ரசித்து ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் இருந்த அம்மாவுக்குக் குமட்டியது. "ஏங் கண்ணு, கண்ணாடி எறக்கறது எங்க இருக்குது?" என்று கதவைத் தடவிக்கொண்டே கேட்டார். ஓட்டுநர் கதவில் இருக்கும் சுவிட்சுகளில் மட்டும் விளக்கு எரிகிறது. மற்ற மூன்று கதவுகளிலும் சுவிட்சுக்குள் விளக்கே வைக்கவில்லை. கறுப்புக் கதவில் கறுப்புச் சுவிட்ச், கும்மிருட்டு. வண்டிக்குள் 64 நிறங்களில் மாறும் அலங்கார விளக்கு, டேஷ்போர்டிலும் கால் வைக்கும் இடத்திலும் ஊதாவும் சிவப்புமாக ஜொலித்துக்கொண்டிருந்தது. நான் என் பக்கத்திலிருந்து கண்ணாடியை இறக்குவதற்குள் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். ஒரு சுவிட்சுக்குள் வைக்கும் சின்னஞ்சிறு எல்இடிக்கு என்ன செலவாகிவிடும்?

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் இதே வகைக் கார் ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பகல் இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். வெயிலில் நிற்கும் டெஸ்ட் டிரைவ் வண்டியே வேண்டும் என்றேன். முதலில் அவரைப் பின் இருக்கையில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடிச் சுவிட்சைத் தேடச் சொன்னேன். பிறகு முழங்கையைக் கதவில் ஊன்றிப் பத்து நிமிடம் இருக்கச் சொன்னேன். க்ளவ் பாக்ஸைத் திறந்ததும் அது முழங்கால்மேல் 'தொப்' என்று விழுந்தது. கடைசியாக அவரையே ஓட்டவைத்து, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த ஒரு பின்தெருவுக்குள் திருப்பச் சொல்லி, ஏசியை ஒன்றில் வைத்துப் பாட்டை நிறுத்தச் சொன்னேன். முதல் பள்ளத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், எனக்கு நன்றாகப் பழக்கமான அந்த 'கிர்க்'. எதிர்வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரதிநிதி, "எட்டு ஸ்பீக்கர் இருக்குதுங்க சார், கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பாட்டின் ஒலியைக் கூட்டினார்.