ஒரு குளத்தை எத்தனை தட்டுகளில் தேடுவது?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு மாணவியிடம், சென்ற மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் புறநானூற்று உரைநூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது சோதினைக்கு வராது, சேர்" என்று பணிவோடு திருப்பித் தந்துவிட்டாள். அவளில் பிழையில்லை. சாதாரண தரம் முடிந்த கையோடு கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என்று பிள்ளைகளைப் பிரித்து, மூன்று பாடங்களுக்குள் நிறுத்தி, கடந்தகால வினாத்தாள்களை மட்டும் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

நான் அவளுக்குக் காட்ட நினைத்தது 18ஆம் பாடலை. நிலம் தாழ்ந்து வளையும் இடங்களில் நீரைத் தேக்கிவைக்கும்படி பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறும் பாட்டு அது. பள்ளியில் அதை அருஞ்சொற்பொருளோடு மனப்பாடம் செய்தேன், வேறெதுவும் விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் மண் அணைகள் பற்றிய ஒரு நூலைப் படித்தபோது, இரண்டு மேடுகளுக்கு இடையில் குறுகிய அணையால் அதிக நீரை மறிக்கக்கூடிய இடத்தைத் தெரிவதே முதல் வேலை என்று எழுதியிருந்தது. அன்றுதான் அந்தப் புலவர் நிலத்தைக் கூர்ந்து பார்த்துப் பேசியிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் எங்கள் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்; அந்த இரண்டு நூல்களுக்குப் பிறகு அதே கட்டு எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. இரணைமடு கட்டப்படுவதற்கு முந்தைய வன்னியை அறிய, ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைத் தேடிப் போனதும் அதன் தொடர்ச்சிதான்.

நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் நூலகத்தின் தசம வகுப்பில் நீர்ப்பொறியியல் 627இலும், தமிழ் இலக்கியம் 894.811இலும், இலங்கை வரலாறு 954.93இலும் இருக்கின்றன. தட்டுகளுக்கு அந்தப் பிரிவு வேண்டும். குளமோ அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுவின் வான்கதவுகளைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில், கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு நீர் வேண்டிய கமக்காரரின் கணக்கும், அணையின் தாங்குதிறன் பற்றிய பொறியியலும், கீழே குடியிருந்தவர்களின் அச்சமும் ஒன்றாகவே கலந்திருந்தன. ஒரு துறையை மட்டும் வாசித்தவரால் மற்றவர் பேச்சைக் காதில் வாங்கவே முடியவில்லை.

எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்வதைவிட ஒன்றை ஆழமாகப் படிப்பது மேல் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆழம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் என்னை அந்தப் பாட்டின் ஆழத்துக்கு இறக்கியது இன்னொரு துறையின் நூல்தான்.

தொண்ணூறுகளில் குப்பி விளக்கில் படித்த எங்களுக்குத் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. மாடு வளர்ப்புக் கையேடு, அட்டையில்லாத மொழிபெயர்ப்பு நாவல், முதலுதவிப் புத்தகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் படித்தோம். அந்தத் தட்டுப்பாட்டை நான் புகழவில்லை. அது எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. என்றாலும், ஒரு புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னர் அது எந்தப் பிரிவுக்குரியது என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த முறை அந்த மாணவியிடம் புறநானூற்றைத் தனியே கொடுக்கமாட்டேன். மாரிமழையில் வயல்நீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் விதத்தை விளக்கும் ஒரு மருத்துவ நூலை முதலில் கொடுத்து, அந்த நீர் வயலுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கப்போகிறேன்.