எங்களிடமும் காசு கேளுங்கள்

‘சென்னையின் எஃப்சி’ என்ற கால்பந்து அணி 2025 ஆகஸ்டில் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தபோது பலரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். தமிழ்நாடு கிரிக்கெட் மாநிலம், கால்பந்தில் போட்ட பணம் இங்கே திரும்பாது, ரசிகர்கள் ஜெயித்தால் வருவார்கள், தோற்றால் காணாமல் போவார்கள் என்றார்கள். மதுரையில் இருந்துகொண்டு பல வருடங்களாக அந்த நீலச்சட்டை அணியின் பின்னால் அலைகிறவன் நான். பணம் தீர்ந்ததற்கு ரசிகன் காரணம் இல்லை. எங்களிடம் யாரும் ஒழுங்காகப் பணம் கேட்டதே இல்லை.

பணம் எப்படித் தீர்ந்தது என்பதைப் பாருங்கள். 2010-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஒரே தரப்புக்கு எழுதிக் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய், ஆண்டுக்குச் சுமார் 50 கோடி. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிய இருந்தது. புதுப்பிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போனதால் ஜூலையிலேயே நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் பெங்களூரு எஃப்சி தன் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தியது. பிறகு கூட்டமைப்பு டெண்டர் விட்டது. ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலான இந்திய வீரர்கள் காணொளியில் தோன்றி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் முறையிட்டார்கள். இந்தியச் சட்டையில் 90-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த சேத்ரி ஆடுவதற்கு இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் 14 அணிகள், ஒவ்வோர் அணியும் மற்றதை ஒரே ஒருமுறை சந்திக்கும் சுருங்கிய தொடர், பிப்ரவரி 14 தொடக்கம் என்று அறிவிப்பு வந்தது.

இதில் எந்த வரியில் ரசிகன் வருகிறான்? ஒரு கையெழுத்து தள்ளிப்போனதால் நாடு முழுவதும் லீக் நின்றது. இந்தியக் கால்பந்தின் பழைய நோய் இது. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் பக்வாரா ஜேசிடி அணியை, அதை நடத்திவந்த ஜேசிடி ஆலையே 2011-ல் கலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மஹிந்திரா யுனைடெட் அணியும் கலைந்து போயிற்று. ஹைதராபாத் எஃப்சி 2022-ல் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது. அடுத்த சில வருடங்களில் வீரர்களுக்குச் சம்பள பாக்கி, ஃபிஃபா தடை. 2025-ல் கிளப்பே டெல்லிக்குப் பெயர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் கோப்பையோடு கொண்டாடிய ஹைதராபாத்துக்காரர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நமக்கு நெருக்கமான காயம் கோவையில் இருக்கிறது. 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி என்ற இன்னொரு அணி ஜெயித்தால், ஐஎஸ்எல்லோடு கூடவே நடந்துவந்த தேசியத் தொடரான ஐ-லீக்கின் சாம்பியன். ஒரு புள்ளி சறுக்கினாலும் ஈஸ்ட் பெங்கால் பறித்துக்கொள்ளும் நிலை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போயிருந்தோம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை கேலரியில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் கௌரவ் போரா, ஒரு தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் அடித்தார். 3-1. பெயரில் சென்னை, ஆடும் ஊர் கோயம்புத்தூர், பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர், கோல் அடிப்பவர் உருகுவேக்காரர். ஆனால் அன்றைக்கு அந்த அணி எங்களுடையது என்பதில் கேலரியில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. திரும்பும்போது சிங்காநல்லூரில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த வெற்றியால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு நடந்த அந்தச் ‘சொந்த மைதான’ ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது இனி கவலையில்லை என்று நினைத்தோம். 2021-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. ஒரு சாம்பியன் அணி இரண்டே வருடத்தில் மறைந்துபோனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கோவையில் கூட்டம் வராமல் அது நடக்கவில்லை. கேலரியில் வாங்கிய டிக்கெட் காசு, கிளப்பின் செலவில் ஒரு மூலைக்கும் போதாது. முதலாளி அல்லது ஸ்பான்சர் கையை எடுத்தால் அணி விழுந்துவிடும் என்ற அமைப்பு அது.

இப்போது மதுரைக்கு வருகிறேன். மதுரையைச் சேர்ந்த ஒரு கால்பந்து அணி இந்தியச் சாம்பியன் ஆகியிருக்கிறது என்பது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேது எஃப்சி, 2019 மே மாதம், இந்தியப் பெண்கள் லீக். மணிப்பூர் போலீஸ் அணியை இறுதியாட்டத்தில் 3-1 என்று வென்றது. நம் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல்களாகக் குவித்தார். 2022-ல் மீண்டும் கோப்பைக்கு அருகே போய்க் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் தோற்றார்கள். 2019 கோப்பை வந்தது லூதியானாவில். 2022 தோல்வி புவனேஸ்வரில். அந்த வருடங்களில் பெண்கள் லீக்கை ஒரே ஊரில் கூட்டி நடத்தி முடித்துவிடுவார்கள் என்பதால், மதுரைச் சாம்பியனை மதுரை பார்க்கவே இல்லை. ஆண்கள் கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2018-ல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வென்ற மதுரை பேந்தர்ஸ் ஆட்டத்தைப் பார்க்க நாம் திண்டுக்கல் பக்கத்து நத்தத்துக்குப் போனோம்.

ஐஎஸ்எல் பார்க்க வேண்டுமென்றால் சென்னை. காலையில் வைகை எக்ஸ்பிரஸ், மதியம் எழும்பூர், ஏழரைக்கு ஆட்டம். ஆட்டம் முடிகிற நேரமும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்படுகிற நேரமும் ஒட்டி வரும். ஓடிப் பிடித்தால் உண்டு, விட்டால் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மதுரைக்காரன் ஓர் ஆட்டத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் பெரும்பங்கு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. கிளப்புக்குப் போவது டிக்கெட் காசு மட்டும். செலவழிக்க மனம் இருக்கிறது, செலவழிக்கவும் செய்கிறோம். அது கால்பந்துக்குப் போய்ச் சேரவில்லை. டவுன்ஹால் ரோட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. தமிழ்நாட்டு கிளப் ஒன்றின் சட்டையை நான் அங்கே பார்த்ததில்லை.

2025 இறுதியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்களில் சில மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தன. ஹாக்கி நம் தெருக்களில் ஆடும் விளையாட்டு அல்ல. இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்ற இரவில் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஊரின் பசி தெரியும். ஆனால் அதற்கு டிக்கெட் இலவசம். இலவசமாக வரும் கூட்டத்தை வைத்து ஒரு கிளப்பை நடத்த முடியாது, இதை ரசிகர்களாகிய நாமும் முகம் கொடுத்துப் பேச வேண்டும். அணிக்காக அழுவோம், ஆனால் ஓசிப் பாஸ் கிடைக்குமா என்றும் கேட்போம் என்றால் விசுவாசம் பாதியில் நிற்கிறது.

நமக்கு வழி தெரியாததல்ல. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கிராமத்துத் திருவிழாவைப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவன் அங்கிருந்து அனுப்புகிறான். பெரிய புள்ளி ஒருவர் இந்த வருடம் நன்கொடை தரவில்லை என்பதற்காக சாமி புறப்பாடு நிற்பதில்லை. முடிந்ததும் மந்தையில் வைத்து வரவு செலவு வாசிக்கிறார்கள், ஐந்நூறு ரூபாய் இடித்தால்கூடக் கேள்வி வருகிறது. ஒரு கால்பந்து கிளப்பை இப்படி ஏன் நடத்தக் கூடாது?

வெளிநாட்டில் நடத்துகிறார்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி, ஓரிரு விலக்குகள் உண்டு. லண்டனில் தங்கள் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் 2002-ல் புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார்கள். அடிமட்ட லீக்கில் ஆரம்பித்து 2011-ல் தொழில்முறை லீக்குக்கு ஏறினார்கள். 2020-ல் பழைய பேட்டைக்கே, ப்ளவ் லேனுக்கு, புது மைதானத்தோடு திரும்பினார்கள். அதற்கான பணத்தில் ஒரு பகுதியை ரசிகர்களே கடனாகக் கொடுத்தார்கள்.

மதுரையில் மாதம் 100 ரூபாய் தர 3,000 பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 36 லட்சம். ஐஎஸ்எல் அணிக்கு அது எந்த மூலைக்கும் காணாது, தெரியும். ஸ்பான்சர் வேண்டும், முதலாளியும் வேண்டும். ஆனால் முதலாளி போகும் நாளில் அணி அனாதையாகாமல் இருக்க அது ஒரு பிடிமானம். பதிலுக்கு நாம் கேட்பவை அதிகமில்லை. வருடாந்திரக் கணக்கை எங்கள் முன் வாசிக்க வேண்டும். ஊர் மாற்றுவது, பெயர் மாற்றுவது என்றால் எங்கள் ஓட்டு வேண்டும். சொந்த மைதான ஆட்டங்களில் சிலவாவது இங்கே, ஞாயிறு மாலையில், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும் நேரத்தில் நடக்க வேண்டும். ஐஎஸ்எல்லுக்குக் காத்திருக்காமல் பெண்கள் அணியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாம்பியன் இருக்கும்போது சென்னையைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, தேனிக்காரர்கள் இதைப் படித்தால் மாதம் எவ்வளவு தர முடியும் என்று கீழே தொகையை மட்டும் எழுதுங்கள். 50 என்றாலும் எழுதுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு கிளப் நடத்துகிறவர்களைப் போய்ப் பார்க்க நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.