கர்ட் வார்னருக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டமா?
அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆடிய வார்னரைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் அடிபட்டதால்தான் வார்னருக்கு யோகம் அடித்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 1994-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி கழற்றிவிட்டபின், அயோவாவில் சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் சரக்கு அடுக்கியவர் வார்னர், மணிக்கு 5.50 டாலர் கூலி. அப்புறம் மூன்று சீசன், உள்ளரங்கில் ஆடும் அரீனா ஃபுட்பால். 50 கெஜ மைதானம், நாலு பக்கமும் சுவர், கண் இமைக்கும் நேரத்தில் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். அந்த வேகம்தான் 1999-ல் ராம்ஸில் 41 டச் டவுனாக (பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) வந்தது. அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கடைசி இரண்டு நிமிடம், 16-16 சமநிலை, எதிரணி டைட்டன்ஸ் ஆள் வந்து மோதுகிற அதே நொடியில் சக வீரர் ஐசக் புரூஸுக்கு வீசினாரே, அந்த 73 கெஜ டச் டவுனைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், புரியும்.

37 வயதில், அதுவரை சூப்பர் பவுலையே எட்டாத அரிசோனா கார்டினல்ஸை அங்கே கொண்டுபோனதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். தோற்றார்தான், 27-23. ஆனாலும் எனக்கு அவர் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் அதுதான்.