மன்ரீக்கேயின் வீட்டை அவசரமாகக் காட்டாதீர்கள்

ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான லான்ஸரோட்டேக்கு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அரைநாள் சுற்றுலா விற்கிறார்கள். விடுதி வாசலில் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும். முதலில் தெகீசே ஊரின் வாரச்சந்தை, திரும்பும் வழியில் தாஈச்சேயில் ஓவியர் செஸார் மன்ரீக்கேயின் வீடு. மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சேர்த்திருக்கும் விதம்தான் பொறுக்கவில்லை. நீளமான பதிவு இது, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நான் போன பயணத்தில் சந்தையில் தாராளமாக நேரம் கொடுத்தார்கள். சுற்றி வந்து, காப்பி குடித்து, மறுபடியும் ஒரு சுற்று போய், நிழல் தேடி உட்கார்ந்தும் நேரம் மிஞ்சியது. வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி நேரம்கூட இல்லை. வழிகாட்டி பேருந்திலேயே, “இந்தத் தீவின் பெரிய ஓவியர், எரிமலைக்குள் வீடு கட்டியவர், படம் எடுக்க அருமையான இடம்” என்று மூன்று வரியில் முடித்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்பி வண்டிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். பந்தியில் சாப்பிட்டு முடிக்கும் முன்பே இலையை எடுப்பது போல இருந்தது. கூட வந்தவர்களில் பாதிப்பேர் நீச்சல் குளத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வீடு என்ன சொல்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

1730 செப்டம்பர் 1 அன்று இரவு இந்தத் தீவின் நிலம் பிளந்தது. 1736 வரை, ஏறக்குறைய ஆறு வருடம், விட்டு விட்டு எரிமலை வெடித்துக்கொண்டே இருந்தது. யாய்சா ஊரின் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்சோ குர்பேலோ அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தீவின் கால்வாசி நிலத்தை நெருப்புக் குழம்பு மூடியது. விளைநிலமும் ஊர்களும் அடியில் போயின. இன்று திமன்ஃபாயா தேசியப் பூங்காவில் பயணிகள் பார்ப்பது அந்த நிலத்தைத்தான். தாஈச்சே வரைக்கும் ஓடி வந்து ஆறிப்போன ஒரு பாறை ஆற்றின் மேல்தான் மன்ரீக்கே வீடு கட்டினார்.

1919இல் தீவின் தலைநகர் அரெசிஃபேயில் பிறந்தவர் அவர். மாத்ரித்தில் ஓவியம் படித்தார். 1964இல் நியூயார்க் போய் அங்கே வேலை செய்து, 1966இல் ஊர் திரும்பிவிட்டார். உலகத்தின் கலைச்சந்தையே நியூயார்க்கில் இருந்த காலத்தில், மழையே பெய்யாத, மண்ணெல்லாம் கறுத்துக் கிடந்த ஒரு தீவுக்குத் திரும்பி வருவது என்றால் எவ்வளவு பெரிய முடிவு. தாஈச்சேயின் பாறைக்காட்டில் நடந்தபோது கறுப்புக்கு நடுவில் ஓர் அத்திமரத்தின் உச்சி மட்டும் பச்சையாக எட்டிப் பார்த்ததாகவும், அதைத் தேடி இறங்கியபோது பாறைக்கு அடியில் பெரிய குழிவு இருந்ததாகவும், அங்கேயே குடியிருப்பது என்று முடிவெடுத்ததாகவும் சொல்வார்கள். நிலத்துக்காரர்கள், இந்தப் பாறைக்கு விலை எதற்கு, வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய நிலத்தில்தான் 1968இல் வீடு எழும்பத் தொடங்கியது.

மேல்தளம் தீவின் பழைய வீடுகளைப் போல இருக்கும். வெள்ளைச் சுவர், சதுரம் சதுரமான அறைகள், பெரிய சன்னல்கள். படி இறங்கினால் கீழே ஐந்து எரிமலைக் குமிழ்கள். நெருப்புக் குழம்பு மேலே ஆறி இறுகிவிட, உள்ளே இருந்த வாயுவும் குழம்பும் விட்டுச்சென்ற வெற்றிடங்கள் அவை. பாறையைக் குடைந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி செய்து, ஒவ்வொன்றையும் ஓர் அறையாக்கியிருக்கிறார். தரைக்கு வெள்ளை, இருக்கைகளுக்கு ஒவ்வொரு குமிழிலும் வேறு வேறு நிறம். கூரை இடிந்து திறந்து கிடந்த ஒரு பள்ளத்தில்தான் எல்லோரும் படம் எடுக்கும் அந்த நீச்சல் குளம். சில குமிழ்களின் கூரைத் துளை வழியாக மேலிருந்து வெளிச்சம் விழுகிறது, மரம் வெளியே தலை நீட்டுகிறது.

நான் அதிகநேரம் நின்றது வேறொரு இடத்தில். ஒரு பெரிய அறையில் கண்ணாடி சன்னல். வெளியே உறைந்து கிடக்கும் கறுப்புப் பாறை அந்தச் சன்னல் வழியாக உள்ளே நுழைந்து வெள்ளைத் தரையில் கொட்டிக் கிடக்கிறது. பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கண்ணாடியை வெட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் எங்கே வெளி முடிந்து எங்கே வீடு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பாறையை உடைத்து எடுத்துவிட்டு நேராகச் சுவர் வைப்பது எந்தக் கொத்தனாருக்கும் சுலபம். அதைச் செய்யாமல் விட்டதில்தான் அந்த மனிதரின் மொத்த எண்ணமும் இருக்கிறது. நிலம் முதலில் வந்தது, நாம் பின்னால் வந்தவர்கள், அதற்கேற்றபடி நாம்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு வெளியே வந்தால் தீவு வேறு மாதிரி தெரியும். நெடுஞ்சாலை ஓரம் விளம்பரப் பலகைகள் இல்லாதது கண்ணில் படும். வீடுகள் எல்லாம் வெள்ளையாக, தாழ்வாக, கதவுகள் தீவின் உட்பகுதியில் பச்சையாகவும் கடலோரம் நீலமாகவும் இருப்பது தெரியும். இவை தானாக நடந்தவை கிடையாது. மன்ரீக்கே ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசினார். அவருடைய பால்ய நண்பர் பெப்பீன் ராமீரெஸ் 1960 முதல் 1974 வரை தீவின் ஆட்சிமன்றமான கபில்தோவின் தலைவராக இருந்தார். அந்த நட்பின் பலத்தில்தான் குப்பை கொட்டிக் கிடந்த எரிமலைக் குகை ஹாமியோஸ் தெல் ஆகுவா என்று பயணிகள் தேடி வரும் இடமானது, 1973இல் செங்குத்துப் பாறை உச்சியில் மிராதோர் தெல் ரியோ என்ற காட்சிமுனை வந்தது. கடைசியாக 1990இல் பழைய கல்குழி ஒன்று கள்ளிச்செடித் தோட்டமாக மாறியது. இவை இன்றும் பொதுச் சொத்துகள், தீவின் நிர்வாகமே நடத்துகிறது. சுற்றுலா வரட்டும், ஆனால் தீவு தீவாக இருக்கும் வரைதான் வருவார்கள் என்பது அவர் கணக்கு.

1980களில் கடற்கரையோரம் விடுதிகள் பெருகியபோது, சுற்றுலாவைக் கூப்பிட்ட அதே மனிதர் போதும் நிறுத்துங்கள் என்று தெருவில் இறங்கினார். 1991இல் தீவு முழுவதற்கும் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் நிலத்திட்டம் வந்ததில் அவருடைய குரலுக்குப் பங்கு உண்டு. 1992 மார்ச்சில் தாஈச்சே வீட்டை அறக்கட்டளையாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே சாலைச் சந்திப்பில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 73. அடுத்த ஆண்டு தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. நம் பேருந்து அந்தச் சந்திப்பின் வழியாகத்தான் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது சந்தைக்கு வருகிறேன். தெகீசே பழைய ஊர், 15ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுதான் தீவின் தலைநகர். கடற்கொள்ளையருக்குப் பயந்து கடலிலிருந்து தள்ளி உள்ளே கட்டினார்கள், அப்படியும் கொள்ளைக்குத் தப்பவில்லை. கல் பாவிய சந்துகள், தேவாலயம், மேலே குவானபாய் எரிமலை விளிம்பில் சாந்தா பார்பரா கோட்டை. வாரநாளில் போனால் ஊரே அமைதியாக இருக்கும். ஞாயிறு காலையில் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது.

சந்தையில் பாதிக்கு மேல் எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கும் சரக்கு. தோல் பை, பெல்ட், துணி, குளிர்கண்ணாடி, காந்த வில்லை. விற்பவர்களும் பிழைக்கத்தான் வந்திருக்கிறார்கள், பலர் கடல் தாண்டி வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தீவில் விளைந்ததும் தீவில் செய்ததும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, தொட்டுக்கொள்ளும் சிவப்பும் பச்சையுமான மோஹோ சாறு, ஹனூபியோ உப்பளத்து உப்பு, மல்வாசியா திராட்சை மது. இந்தத் திராட்சையின் கதையும் மன்ரீக்கே வீட்டின் கதைதான். எரிமலைச் சாம்பல் மூடிய நிலத்தில் லா ஹேரியா பகுதி விவசாயிகள் புனல் மாதிரி குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் ஓரிரு கொடி நட்டு, காற்றை மறைக்க அரைவட்டக் கல்சுவர் வைத்தார்கள். இரவின் ஈரத்தை அந்தச் சாம்பல் பிடித்து வைத்துக்கொள்கிறது, வெயிலில் சீக்கிரம் வறண்டுபோக விடுவதில்லை. மன்ரீக்கேக்கு முன்னால் இருநூறு வருடமாக அவர்கள் செய்ததைத்தான் அவர் கலையாகச் செய்தார். வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் புட்டியைக் கையில் எடுப்பதற்கும், ஒன்றும் தெரியாமல் எடுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

அதேபோல திம்ப்ளே. தெகீசே அந்த இசைக்கருவிக்குப் பேர் போன ஊர். கையடக்கமான ஐந்து நரம்பு வாத்தியம், முதுகுப்பக்கம் கூன் விழுந்தது போல வளைந்திருப்பதால் ஒட்டகக்குட்டி என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். சந்தைக்கு நடுவிலேயே, ஊர்ச் சதுக்கத்தில் பழைய ஸ்பீனோலா மாளிகையில், அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் கூட்டம் அலைமோதியது, உள்ளே போனவர்கள் மிகக் குறைவு. உள்ளே ஒரு திம்ப்ளேயை அருகில் பார்த்தேன். விரல் அகலக் கழுத்து, உள்ளங்கையில் பொருந்தும் முதுகு, சின்ன உடம்பு. ஒரு காலத்தில் வேலை முடித்து வந்த விவசாயி கையில் எடுத்து வாசித்த சாமான் இது. அதை வழிகாட்டி ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் உள்ளே போயிருப்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், இந்தத் தீவில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பயணிகள் வருகிறார்கள். குடிதண்ணீரே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான். 2024 ஏப்ரல் 20 அன்று கனேரித் தீவுகள் எங்கும் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி, எங்கள் தீவுகளுக்கும் ஒரு எல்லை உண்டு என்று முழங்கினார்கள். வீட்டு வாடகை உள்ளூர்க்காரரால் கொடுக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்பது அவர்களுடைய பெரிய புகார். மன்ரீக்கே 1980களில் சொன்னது இதைத்தான். அப்படிப்பட்டவருடைய வீட்டை, சந்தையில் வாங்கிய பைகளோடு அவசரமாக நுழைந்து வெளியேறும் ஓர் இடமாக ஆக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். பணம் கொடுத்து வந்த பயணிக்கும் அநியாயம்.

சரிசெய்வது கஷ்டமே இல்லை. வரிசையை மாற்றினால் போதும். காலையில் வீடு திறந்ததும் கூட்டம் வருவதற்கு முன் அங்கே போங்கள், குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். 1730ஐப் பற்றியும் அத்திமரத்தைப் பற்றியும் பேருந்திலேயே பத்து நிமிடம் பேசுங்கள். பிறகு தெகீசேக்கு வந்தால் ஒரு மணி நேரம் தாராளம், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டே இறங்குவார்கள்.

இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது, ஏனோ யாரும் அதை முன்னிறுத்துவதில்லை. சனிக்கிழமை வடக்கே ஆரியா ஊருக்குப் போவது. பேரீச்ச மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. தாஈச்சே வீட்டில் பார்க்க வருபவர்கள் அதிகமானதும் மன்ரீக்கே தன் கடைசி வருடங்களை அங்கேதான் கழித்தார். 2013இல் அந்த வீட்டையும் திறந்துவிட்டார்கள். தாஈச்சே அவருடைய எண்ணத்தைக் காட்டுகிறது, ஆரியா அவரையே காட்டுகிறது. தோட்டத்தைப் பார்த்த பெரிய கண்ணாடியோடு குளியலறை, உடைகள், சமையலறைப் பாத்திரங்கள். பின்னால் இருக்கும் பட்டறையில் வண்ணக் குழம்புகளும் தூரிகைகளும் அவர் விட்டுப்போனபடியே. சனிக்கிழமை காலையில் அதே ஊர்ச் சதுக்கத்தில் மர நிழலில் சின்னக் கைவினைச் சந்தை கூடுகிறது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஊர்க் கல்லறையில் அவர் புதைக்கப்பட்ட இடமும் தூரமில்லை. ஓவியர் வீடும் சந்தையும் ஒரே அரைநாளில் என்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தத் தீவில் வேறு இல்லை. பெரிய பேருந்து வேண்டாம், சின்னக் குழு போதும், உள்ளூர் வழிகாட்டி வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று. முன்பதிவு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், வீட்டுக்குள் எவ்வளவு நேரம், உள்ளே வழிகாட்டி கூட வருவாரா, நுழைவுக்கட்டணம் சேர்த்தியா என்ற மூன்றையும் கேளுங்கள். வண்டி வாடகைக்கு எடுக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சுற்றுலாவையே விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம், தூரங்கள் குறைவு, சாலைகள் நன்றாக இருக்கும். சுற்றுலா நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சனிக்கிழமை ஆரியா யோசனையை உங்கள் மேலதிகாரியிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பணம் குறையாது. வருகிறவர்கள் மறுபடியும் வருவார்கள்.